வீடு மாறிய லினக்ஸ்

எங்கள் பள்ளி நூலகக் கணிப்பொறியின் வன்தட்டு கோடை விடுமுறையில் பழுதடைந்தது. நூற்பதிவேடு முழுவதும் அதில்தான் இருந்தது. மார்ச்சில் எடுத்த காப்பு நகல் இருந்ததால், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் புதிய தட்டில் கோப்புகளை எல்லாம் நிரப்பி, விசையை அழுத்தினோம். துவக்குவதற்குரிய தட்டு எதுவும் இல்லை என்றது திரை! சிஸ்டரின் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை.

1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது லினக்ஸ். அதை எழுப்பிவிடும் சிறு நிரலின் பெயர் கிரப். எங்களுடையதைப் போன்ற பழைய கணிப்பொறிகளில், அதன் முதற்பகுதி தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள் இருக்கும். அது கோப்பு அன்று. ஆகவே கோப்புகளின் நகலில் அது வருவதில்லை.

பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை இயக்கினோம். புதிய தட்டின் மூலப்பகுதியை இணைத்து, டெவ், பிராக், சிஸ் ஆகிய மூன்று அடைவுகளையும் அதனுடன் சேர்த்து, ‘சிஎச்ரூட்’ கட்டளையால் உள்ளே நுழைந்தோம். பின்னர் ‘கிரப்-இன்ஸ்டால்’ கொடுத்தோம். இங்கே முழுத் தட்டின் பெயரைத் தர வேண்டும். அதன் ஒரு பகுதியின் பெயரைத் தரலாகாது. எங்களில் ஒருத்தி அப்படித் தந்து, அரைமணி நேரம் வீணாயிற்று. (அவள் பெயரைச் சொல்ல மாட்டோம்.)

இம்முறை கிரப் எழுந்தது, லினக்ஸ் எழவில்லை. குறிப்பிட்ட அடையாள எண் கொண்ட பகுதி இல்லை என்று கூறி நின்றுவிட்டது. தட்டின் ஒவ்வொரு பகுதிக்கும், அதை வடிவமைக்கும்போது 32 இலக்க எண் ஒன்று வழங்கப்படுகிறது. புதிய தட்டில் புதிய எண். நகலில் வந்த கோப்புகளிலோ பழைய எண். வீடு மாறிய பிறகும் பழைய கதவு எண்ணுக்கே தபால்காரர் போவது போலத்தான்!

‘பிஎல்கேஐடி’ கட்டளை புதிய எண்களைக் காட்டியது. அவற்றை நோட்டில் எழுதி, ஒருத்தி உரக்கப் படிக்க மற்றொருத்தி சரிபார்த்தாள். ‘எஃப்எஸ்டேப்’ கோப்பில் மூலப்பகுதியின் எண்ணைத் திருத்தினோம். ‘அப்டேட்-கிரப்’ கொடுத்ததும் கிரப் தன் பட்டியலைத் தானே புதுப்பித்துக்கொண்டது.

மறுபடியும் துவக்கினோம். 90 வினாடிகள் காத்திருந்துவிட்டு, அவசர நிலைக்குப் போய்விட்டது! பதிவேடு இருந்த ‘ஹோம்’ பகுதிக்கும் தனி எண் உண்டல்லவா? அதைத் திருத்த மறந்திருந்தோம். அவ்வரியையும் மாற்றிய பின் பதிவேடு திறந்தது.

மார்ச்சுக்குப் பிறகு வாங்கிய 43 நூல்கள் மட்டும் அதில் இல்லை. அவற்றை அலமாரியிலிருந்து இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.