உப்புப் பேணியும் பள்ளிக்கூடப் பிள்ளையும்

"பிள்ளைக்குப் படிப்பு ஏறுதில்லை, எந்த நேரமும் சோர்ந்துபோய் இருக்கிறான்" என்று இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெற்றோர் பலர் கவலைப்படுகின்றனர். பாடசாலை மாறி மாறிப் படித்ததும், அரை வயிற்றோடு வகுப்பில் இருப்பதும் இதற்குக் காரணமாகலாம். காதில் சீழ் வடிதலோ கண்பார்வைக் குறைவோ கூட இருக்கலாம். ஆனால் நாம் எளிதில் நினைத்துப் பாராத இன்னொரு காரணமும் உண்டு. அது எமது அடுப்படியில் இருக்கும் உப்புப் பேணியோடு சம்பந்தப்பட்டது. ஒரு பிள்ளைக்கு "மொக்கு" என்று பெயர் வைப்பதற்கு முன்னர் அந்தப் பேணியையும் ஒருமுறை திறந்து பார்ப்போம்.

அயடீன் செய்யும் வேலை

எமது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் தைரொயிட்டு என்னும் சுரப்பி இருக்கிறது. இது சுரக்கும் ஓமோன் உடலும் மூளையும் வளர்வதற்கும், உடற்சூட்டைக் காப்பதற்கும் இன்றியமையாதது. அந்த ஓமோனை ஆக்குவதற்கு அயடீன் வேண்டும். அயடீன் போதாதபோது, கிடைக்கும் சொற்பத்தையும் பிடித்துக்கொள்வதற்காகச் சுரப்பி பருக்கத் தொடங்கும். இதுவே கழுத்துக் கழலை. கண்டமாலை என்றும் சொல்வர். கழுத்தில் வீக்கம் தெரியாத பிள்ளையிலும் குறைபாடு இருக்கலாம். சோர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, பாடத்தில் கவனம் நில்லாமை ஆகியன அதன் மற்ற அடையாளங்கள். இவை வேறு நோய்களாலும் வரும் என்பதால் நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 120 மைக்கிரோகிராம் அயடீன் தேவை. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு 150, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் மைக்கிரோகிராம். ஒரு மனிதர் எழுபது ஆண்டுகள் உண்ண வேண்டிய அயடீன் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நான்கு கிராமுக்குள் அடங்கிவிடும். ஆனால் அது நாள்தோறும் சிறுகச் சிறுகக் கிடைக்க வேண்டும்.

தாயின் வயிற்றில் இருக்கும்போது ஏற்படும் கடும் குறைபாட்டினால் மூளைக்கு வரும் பாதிப்பைப் பின்னர் திருத்த முடியாது. ஆகவேதான் கர்ப்பிணிகளைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. அதற்காகப் பள்ளிக்கூட வயதில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அக்றன் நகரில் 1917இல் தொடங்கிய ஆய்வில், அயடீன் கொடுக்கப்பட்ட இரண்டாயிரத்துச் சொச்சம் பள்ளி மாணவிகளில் 5 பேருக்கு மட்டுமே கழலை உண்டானது. கொடுக்கப்படாத ஏறத்தாழ அதே தொகையினரில் 495 பேருக்கு உண்டானது. 2006இல் வெளியான அல்பேனிய ஆய்வு ஒன்றில், குறைபாடுள்ள 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அயடீன் கொடுத்தபோது, ஆறு மாதத்துக்குள் அவர்களது சிந்திக்கும் வேகமும் பொருட்களை இனங்காணும் திறனும் முன்னேறின.

கடலை விட்டுத் தள்ளி

உலகின் அயடீனில் பெரும்பங்கு கடலில் உள்ளது. கடல்மீன், இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றில் அது இருக்கிறது. கரையோரத்தில் கமம் செய்தவர்கள் மீன் பிடிக்காவிட்டாலும், மரக்கறியைக் கொடுத்துச் சூடையோ நெத்தலியோ வாங்கிக் கறி வைத்தார்கள். காட்டுப்புறக் குடியிருப்புக்கு வந்த பின்னர் குளத்து மீனே கைக்கெட்டும் மீனாயிற்று. விராலும் திலாப்பியாவும் நல்ல புரத உணவுதான். பிள்ளைகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கடல்மீனில் உள்ள அளவு அயடீன் அவற்றில் இல்லை. நிவாரணமாகக் கிடைக்கும் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி ஆகியவற்றிலும் அதை நம்பி இருக்க முடியாது. எனவே உள்நாட்டில் வாழும் ஏழைக் குடும்பத்துக்கு நாள் தவறாமல் அயடீன் கிடைக்கும் வழி உப்பு ஒன்றுதான்.

இலங்கையில் 1986இல் பதினேழு மாவட்டங்களில் நடந்த கணிப்பில், பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 18.8 பேரிடம் கழலை காணப்பட்டது. அதன்பின் 1995இல், உண்ணும் உப்பு யாவற்றுக்கும் அயடீன் சேர்க்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபர் முடிவில்தான் வலிகாமத்து மக்கள் மூட்டை முடிச்சோடு வீதிக்கு வந்தார்கள். உயிர் தப்பினால் போதும் என்றிருந்தவர்களுக்குச் சட்டத்தில் சொன்ன உப்பு எங்கே கிடைக்கும்? இன்று அயடீன் சேர்த்த உப்பு நாடெங்கும் கடைகளில் கிடைக்கிறது. நாட்டுப் பிள்ளைகளின் நிலையும் பொதுவாக நல்லது. ஆனால் பக்கற்றில் இருக்கும் அயடீன் பிள்ளையின் கோப்பைக்கு வந்து சேர வேண்டுமே!

வழியில் போவது எவ்வளவு?

ஒரு கிலோ உப்பில் 20 மில்லிகிராம் அயடீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிராம் உப்பில் 20 மைக்கிரோகிராம். பிள்ளை நாளுக்கு 4 கிராம் உப்பு உண்டால் 80 கிடைக்கும். ஒரு முட்டையில் சுமார் 25 இருக்கும். அதோடு கொஞ்சம் நெத்தலிக் கருவாடும் சேர்ந்தால் 120ஐ நெருங்கிவிடலாம். ஆனால் உப்பில் உள்ளதில் பாதி வழியில் போய்விட்டால் 80 என்பது 40 ஆகிவிடும். அதை ஈடுசெய்ய உப்பைக் கூட்டிப் போடுவது வழியல்ல; அது இரத்த அழுத்தத்தைத்தான் கூட்டும். இருக்கும் அயடீனைப் போகாமல் காப்பதே வழி.

எமது பெண்கள் சுத்தம் கருதிக் கல்லுப்பைக் கழுவிப் பாவிப்பது வழக்கம். அயடீன் கல்லுப்பின் மேற்பரப்பிலேயே படிந்திருப்பதால் கழுவும் நீரோடு போய்விடுகிறது. தூளுப்பு வாங்க முடிந்தால் நல்லது. கல்லுப்புத்தான் உள்ளதென்றால், அதைச் சிறிது நீரில் கரைத்து, மண் அடியில் படிந்த பின்னர் தெளிந்த உப்பு நீரை முழுவதும் கறிக்கு விடுங்கள். எதுவும் வீணாகாது.

அடுத்தது வைக்கும் இடம். அடுப்புக்கு மேலே சிரட்டையிலோ மண்சட்டியிலோ மூடாமல் வைத்த உப்பு கசிந்து ஒழுகும்போது அயடீனும் கூடவே ஒழுகுகிறது. சூடும் வெயிலும் ஈரமும் அயடீனுக்குப் பகை. இறுக மூடக்கூடிய போத்தலிலோ பிளாஸ்ரிக் பேணியிலோ போட்டு, அடுப்புக்கு எட்டத்தில் வையுங்கள். ஈரக் கையால் அள்ளாதீர்கள். எப்போது எழும்பி ஓட வேண்டி வருமோ என்றிருந்த காலத்தில் உப்பைச் சாக்காக வாங்கி வைத்தோம். அது அன்றைய தேவை. இப்போது ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே நல்லது.

தென்னங்கன்று நடுவதற்கும் கருவாடு போடுவதற்கும் உப்பளத்திலிருந்து மலிவாகக் கிடைக்கும் சாக்கு உப்பில் அயடீன் சேர்த்திருக்காது. தோட்டத்துக்கென்று வாங்கிய அந்தச் சாக்கு மெல்ல மெல்ல அடுப்படிக்கு வருவதை நாம் காண்கிறோம். அதை வெளியிலேயே வைத்துவிடுங்கள். கறிக்கு உப்பை இறக்கும் வேளையில் போட்டால் அயடீன் குறைவாகவே ஆவியாகும். சம்பலுக்குப் போடும் உப்பு அடுப்பையே காண்பதில்லை. அதில் உள்ளது முழுவதும் பிள்ளைக்குத்தான்.

மரவள்ளியும் வெறுந்தேத்தண்ணியும்

பஞ்சகாலத்தில் எம்மைக் காத்தது மரவள்ளி. அதைப் பழிப்பது நன்றியல்ல. ஆனால் மரவள்ளியில் உள்ள நச்சுப் பொருள் உடலில் மாறுதலடைந்து, தைரொயிட்டுச் சுரப்பி அயடீனை எடுப்பதைத் தடுக்கிறது. போதிய அயடீன் உண்பவருக்கு இதனால் பெரிய தீங்கில்லை. அயடீனும் குறைவு, மூன்று வேளையும் மரவள்ளி என்றால் தீங்குண்டு. தோலை நன்றாக உரித்து, சிறு துண்டுகளாக வெட்டி நீரில் ஊறவிட்டு, நிறைய நீரில் மூடாமல் அவித்து, அந்த நீரை ஊற்றிவிடுங்கள். கசக்கும் கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

இரத்தச்சோகை உள்ள பிள்ளையின் உடல் கிடைக்கும் அயடீனையும் சரியாகப் பயன்படுத்தாது. ஏனெனில் ஓமோனை ஆக்கும் வேலைக்கு இரும்புச்சத்தும் வேண்டும். முருங்கையிலை, கீரை, பயறு, நெத்தலி ஆகியவற்றைத் தேசிக்காய்ப் புளியோடு கொடுங்கள். சாப்பாட்டோடு வெறுந்தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். பாடசாலையில் தரும் பூச்சிக் குளிசையையும் தவறவிடாதீர்கள்.

கழுத்தில் வீக்கம் கண்டால் பத்துப் போடுவதோ சுடுவதோ வேண்டாம், வைத்தியசாலையில் காட்டுங்கள். புண்ணுக்குப் பூசும் அயடீன் மருந்து குடிப்பதற்குரியதல்ல, அது நஞ்சு.

கூடிச் செய்வதற்கு

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு உப்பில் ஒரு தேக்கரண்டி அளவைக் கடதாசிச் சுருளில் கொண்டுவாருங்கள். எங்கே வாங்கியது, எதில் வைத்திருந்தது என்பதைச் சுருளின் மேல் எழுதுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்கூட்டியே அழைத்து, பரிசோதனைத் திரவம் கொண்டுவருமாறு கேளுங்கள். ஒரு துளி விட்டதும் நீலநிறம் வந்தால் அயடீன் உண்டு, நிறம் வெளிறினால் குறைவு, மாறாவிட்டால் இல்லை. நிறம் வராத உப்பு எந்தக் கடையிலிருந்து வந்தது என்று பார்த்து, சங்கத்தின் பேரில் இருவர் அந்தக் கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள்.