சயனைடு மேட்டு ஷீலைட்டும் அகச்சிவப்புக் கதிரும்

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையில் வாழ்வோர்க்குச் சயனைடு மேடுகள் புதியன அல்ல. தாதுவை மாவாக அரைத்துப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய துகளே அவ்வாறு குவிந்தது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன, மேடுகள் நின்றுவிட்டன. அத்துகளில் ஷீலைட் என்னும் கனிமமும் சிறிதளவு உண்டு. கால்ஷியம் டங்ஸ்டேட்டாகிய இது, வெட்டுக்கருவிகளுக்கு வேண்டிய டங்ஸ்டனைத் தருவது.

இதனைப் பிரிக்கும் வழிகளுள் ஒன்று நுரை மிதப்பு முறை. துகளை நீரில் கலக்கி, ஸோடியம் ஓலியேட் என்னும் சோப்பைச் சிறிது சேர்த்துக் காற்றை ஊதுவர். சோப்பு மூலக்கூற்றின் தலை கனிமப் பரப்பைப் பற்றும். நீரை வெறுக்கும் வால் வெளியே நீண்டு நிற்கும். நனையாத துகள் குமிழியோடு மேலேறும். இவ்வாறு பற்றுதலைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம்.

இங்கேதான் சிக்கல். கால்ஸைட்டிலும் கால்ஷியம் இருப்பதால் சோப்பு அதனையும் பற்றும். அன்றியும், உவர்க்கிணற்று நீரில் சலவைச் சோப்பு திரிவதுபோல், நீரில் கரைந்த கால்ஷியத்தோடு கூடி வீணே திரிந்தும் போகும். கரைசலில் குறைந்த சோப்பை அளந்தால் எவ்வளவு போயிற்று என்பது தெரியும்; என்னவாயிற்று என்பது தெரியாது.

அதனைக் கூறுவது அகச்சிவப்பு நிறமாலை. அணுப்பிணைப்பு ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணுள்ள கதிரையே உட்கொள்ளும். வாலின் பிணைப்புகள் சென்டிமீட்டருக்கு 2,920, 2,850 அலைகள் என்னுமிடங்களில் தோன்றும். தலையோ தன் துணைக்கேற்ப இடம் மாறும்: ஓலியிக் அமிலமாயின் ஏறத்தாழ 1,710, ஸோடியம் ஓலியேட்டாயின் 1,560, கால்ஷியம் ஓலியேட்டாயின் 1,575, 1,540 என இரட்டைப் பட்டை.

இரட்டைப் பட்டையைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடலாகாது. பரப்பில் வேரூன்றிய சோப்பும், திரிந்து மேலே படிந்த சோப்பும் அதனைக் காட்டக்கூடும். ஆகவே சோப்பின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் கழுவி நோக்குதல் வேண்டும். ஃபுளோரைட்டில் சோப்பு மிகக் குறைவாயிருக்கையில் 1,550-ஐ ஒட்டி ஒற்றைப் பட்டையும், மிகுந்தபின் இரட்டையும் தோன்றுகின்றன.

முன்னாளில் துகளை உலர்த்திப் பொட்டாஸியம் புரோமைடோடு வில்லையாக அழுத்தி நோக்கினர். உலர்த்துவதே பரப்பைக் குலைக்கக்கூடும். படிகத்தினுள் கதிரைப் பன்முறை எதிரொலிக்கச் செய்யும் முறையில் ஈரத்துகளையே ஆராயலாம். ஆயினும் 1,640-இல் உள்ள நீரின் பட்டையைக் கழித்தாக வேண்டும்.

ஷீலைட் இதற்கு இணக்கமானது. அதன் சொந்தப் பட்டை 800-ஐ ஒட்டியிருப்பதால் சோப்பின் இடம் மறைவதில்லை. கால்ஸைட்டின் அகன்ற பட்டையோ 1,430-ஐச் சூழ்ந்து அருகே நெருங்குகிறது. எனவே இரண்டையும் தூய நிலையில் தனித்தனியே சோதித்தல் நன்று. கால்ஸைட்டை அடக்க ஸோடியம் ஸிலிகேட்டைச் சேர்க்கையில் அதன்மேல் மட்டும் சோப்புப் பட்டை மங்குமாயின் அளவு பொருத்தமானது. ஷீலைட்டின் மேலும் மங்குமாயின் அளவு மிஞ்சிவிட்டது.