இரவில் குளிசை என்ன செய்கிறது?

“கிளினிக்கில் பார்த்தார்கள், பிரஷர் சரியாம்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தச் ‘சரி’ ஒரு நாளின் ஒரு நிமிடத்துக்கு மட்டுமே உரியது. காலையில் குளிசை விழுங்கிவிட்டுப் பத்து மணிக்குக் கையை நீட்டுகிறோம். மறுநாள் விடியற்காலையில், அடுத்த குளிசைக்கு முன், மருந்தின் பலன் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது.

குருதியமுக்கம் ஒரே நிலையில் நிற்பதில்லை. நித்திரையில் அது சாதாரணமாகப் பகலைவிட 10 தொடக்கம் 20 சதவீதம் குறையும். எழும்பும் நேரத்தில் ஏறும். வைத்தியரைக் கண்டாலே ஏறுபவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவைக்கு மேல் மருந்து கொடுபடலாம்.

இதனால்தான் 24 மணிநேரக் கண்காணிப்பு. மேற்கையில் ஒரு பட்டி, இடுப்பில் ஒரு சிறு கருவி. பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், இரவில் பெரும்பாலும் அரை மணிக்கு ஒரு முறையும் பட்டி தானாக ஊதி அளக்கும். அந்த நேரம் கையை அசைக்கக் கூடாது. தொழுகையில் நிற்கும்போது ஊதினால் அந்த ஓர் அளவீடு பிழைக்கலாம். ஏராளமான அளவீடுகளில் அது பெரிய நட்டமல்ல. பட்டி முழங்கைக்கு மேலே இருப்பதால் கவனமாக வுழூச் செய்யலாம், கருவி நனையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

2000ஆம் ஆண்டு வெளியான ‘ஹோப்’ ஆய்வில், இதயநோய் ஆபத்துள்ள 9,000க்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு ரமிப்ரில் கொடுக்கப்பட்டது. மாரடைப்பும் பாரிசவாதமும் அவர்களில் தெளிவாகக் குறைந்தன. ஆனால் கிளினிக் அளவீட்டில் அமுக்கம் 3/2 மில்லிமீற்றர் இரசம் மட்டுமே இறங்கியிருந்தது. இவ்வளவு சிறிய இறக்கம் இவ்வளவு நன்மை தருமா? மருந்துக்கு வேறு ஏதோ சக்தி இருக்கிறது என்று பலர் கருதினர். அடுத்த ஆண்டு, அதே ஆய்வின் 38 பேரை 24 மணிநேரம் அளந்த முடிவு வந்தது. குளிசை படுக்கப்போகும்போது கொடுக்கப்பட்டிருந்தது; இரவு அமுக்கம் 17/8 இறங்கியிருந்தது! பகலில் அளந்தவர்கள் அதைத் தவறவிட்டிருக்கிறார்கள். 38 பேர் சிறிய தொகைதான். ஆனாலும் எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பது முடிவையே மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் காணவில்லை.

இதை வாசித்துவிட்டு உம்மாவின் காலைக் குளிசையை நாமாக இரவுக்கு மாற்றிவிடக் கூடாது. பிரித்தானியாவில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான ‘டைம்’ ஆய்வில், காலையில் எடுத்தவர்களுக்கும் மாலையில் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றில் வித்தியாசம் காணப்படவில்லை. நோன்பு காலத்தில் நேரம் மாற்றுவதையும் வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

முடிவை வாசிக்கும்போது இன்னொன்று. கிளினிக்கில் எல்லை 140/90 என்றால், 24 மணிநேரச் சராசரிக்கு அது 130/80. நித்திரை நேரத்துக்கு 120/70. கருவி கட்டியிருக்கும் நாளில் குளிசை போட்ட நேரம், படுத்த நேரம், எழும்பிய நேரம் மூன்றையும் ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால், விடியற்காலை நான்கு மணிக்கு ஏறிய அமுக்கம் மருந்து தீர்ந்ததாலா, தஹஜ்ஜுத்துக்கு எழும்பியதாலா என்று வைத்தியருக்குத் தெரியாது.