ஜப்பானிய மொழியில் பாட்டு எழுதப் போகிறீர்களா?

ஜப்பானில் சில வருடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஊர் மொழியிலேயே நம்பிக்கை தரும் ஒரு பாட்டு எழுதிப் பார்க்க ஆசை வரும். வெளிநாட்டவர் பாட்டை யார் கேட்பார்கள் என்று தயங்க வேண்டாம். ஹாங்காங்கில் பிறந்த ஆக்னஸ் சான் 1972இல் ஜப்பானில் அறிமுகமாகி நட்சத்திரமானார். பிட்ஸ்பர்க்கில் வளர்ந்த ஜெரோ, 2008இல் ‘என்கா’ என்ற பழைய பாணி ஜப்பானியப் பாட்டைப் பாடுபவராக வந்து, அந்த ஆண்டே என்.எச்.கே. தொலைக்காட்சியின் டிசம்பர் 31 இரவு நிகழ்ச்சியில் பாடினார்.

முதலில் மாத்திரைக் கணக்கு. நமக்கு நெடில் இரண்டு, மெய் அரை. ஜப்பானியத்தில் நெடிலுக்கு இரண்டுதான். ஆனால் தனித்து நிற்கும் மெய்க்கும் முழுசாக ஒன்று. ‘டோக்யோ’ அவர்கள் காதில் டோ-ஓ-க்யோ-ஓ, நான்கு. ‘நிப்பொன்’ நி-ப்-பொ-ன், அதுவும் நான்கு. பொதுவாக ஒவ்வொன்றுக்கும் மெட்டில் ஒரு சுரம் வேண்டும். சொல்லின் ஏற்ற இறக்கத்தையும் கவனியுங்கள். டோக்யோ வழக்கில் ‘அமே’ இறங்கினால் மழை, ஏறினால் மிட்டாய். எதுகை மோனையைத் தேடி அலைய வேண்டாம், அங்கே அது கட்டாயமில்லை.

நம் சினிமாவைப் போல அங்கும் மெட்டுக்கு எழுதுவது சாதாரணம். மெட்டை ‘ஏ மெலோ’, ‘பி மெலோ’, ‘சபி’ என்று பிரிப்பார்கள். மனதில் நிற்பது சபி. மெட்டும் உங்களுடையதே என்றால் மோகனத்தில் தொடங்கலாம். நாலாவதும் ஏழாவதும் இல்லாத ‘யொனநுகி’ மேஜர் ஸ்கேலில் இருப்பதும் அதே ஐந்து சுரங்கள்தான்.

பெரும்பாலோர் சறுக்குவது பாட்டின் பொருளில். கனவு, எதிர்காலம், நம்பிக்கை என்ற சொற்கள் ஜப்பானியப் பாடல்களில் தேய்ந்துவிட்டன. அவற்றைத் தொடாமல், நீங்கள் வாழ்ந்த ஒன்றை எழுதுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பல ஊர்களில் தெரு ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய மெட்டு ஒலிக்கும். பேரிடர் அறிவிப்புக்கான கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் அது உதவும். வந்த புதிதில் எங்கிருந்து வருகிறது என்று ஜன்னலைத் திறந்து தேடியிருப்பீர்கள். ஒரு வருடம் கழித்து, அதைக் கேட்டதும் அரிசி கழுவ எழுந்திருப்பீர்கள். அந்நிய ஊர் தன் ஊரான கதை அதற்குள் முழுசாக இருக்கிறது. முதல் பத்தியில் ஜன்னல், சபியில் அரிசி. ‘நம்பிக்கை’ என்று சொல்லவே தேவையில்லை.

அலுவலகத்தில் பழகிய ‘தெஸ்-மாஸ்’ மரியாதை நடை கடிதம் போன்ற பாட்டுக்குப் பொருந்தும். மற்றபடி நண்பரிடம் பேசும் நடையே நல்லது. தன்னைச் சொல்ல ‘வதஷி’யா ‘பொகு’வா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். ‘பொகு’ ஆண்கள் சொல்தான் என்றாலும் பாட்டில் பெண்களும் பாடுவதுண்டு.

டெமோவுக்குப் பாடகர் கிடைக்கவில்லையா? 2007இல் வந்த ஹத்சுனே மிகு போன்ற குரல் மென்பொருளில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் எழுத்தாக இட்டுப் பாருங்கள். கணக்குப் பிசகினால் அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகு ஜப்பானியர் ஒருவரிடம், வரிகளைக் காட்டாமல் பாட்டை மட்டும் கேட்கக் கொடுத்து, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தவறாக எழுதிய இடங்களை மாற்றுங்கள்.

இன்னும் வேலை விசாவில் அங்கே இருப்பவர்களுக்கு ஒன்று: பாட்டுக்குப் பணம் வாங்கும் முன், உங்கள் விசா அதை அனுமதிக்கிறதா, தனி அனுமதி வேண்டுமா என்று குடிவரவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.