ஐசியூ வேலைக்கு முதல் கருவி, டேப்

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்திலிருந்து நர்சிங்கோ கிரிட்டிக்கல் கேர் டெக்னாலஜியோ முடித்து ஐசியூவில் சேருகிறவர்களை முதலில் மிரட்டுவது வென்டிலேட்டர் திரைதான். அதில் ஓடும் எண்களில் பாதியை முதல் மாதம் விட்டுப் பிடிக்கலாம். சிலவற்றை மட்டும் முதல் நாளே கற்றாக வேண்டும்.

நோயாளி வந்ததும் டேப் வைத்து உயரத்தை அளந்து கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது. உடம்பு பெருத்தால் அது பெருப்பதில்லை. செ.மீ. உயரத்தில் 152.4-ஐக் கழித்து 0.91-ஆல் பெருக்கி, பெண்ணுக்கு 45.5, ஆணுக்கு 50 கூட்டினால் கணக்கு எடை வரும். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குச் சுமார் 43 கிலோ. கிலோவுக்கு 6 மி.லி. என்றால் ஒரு மூச்சுக்கு 260 மி.லி. அவருடைய உடல் எடை 70 கிலோ என்று அதை வைத்துக் கணக்குப் போட்டால் 420 மி.லி. உள்ளே போகும். புண்பட்ட நுரையீரல் அதைத் தாங்காது. 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 12 மி.லி.க்குப் பதிலாக 6 மி.லி. கொடுத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது.

அடுத்தது, ராத்திரி டியூட்டியில் அடிக்கும் ஹை பிரஷர் அலாரம். அதை அமர்த்திவிட்டு நகராதீர்கள். நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிறதா, டியூப் உதட்டருகே எத்தனை செ.மீ. குறியில் நிற்கிறது என்று பாருங்கள். நோயாளி தானாக மூச்சு இழுக்காத நேரத்தில், மூச்சு உள்ளே போன முடிவில் ஹோல்டு பட்டனை அரை நொடி அழுத்தினால் வரும் அழுத்தம்தான் பிளாட்டோ. உச்ச அழுத்தமான பீக் மட்டும் ஏறி பிளாட்டோ ஏறாவிட்டால் கோளாறு வழியில்: சளி, மடங்கிய டியூப், பல்லால் கடித்த டியூப், மூச்சுக்குழாய் இறுக்கம். இரண்டும் சேர்ந்து ஏறினால் நுரையீரல் விறைக்கிறது, அல்லது டியூப் வலப்பக்கம் இறங்கிவிட்டது, அல்லது நெஞ்சுக்கூட்டில் காற்று கசிந்துவிட்டது. ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே கேட்காமல் பிபியும் விழுந்தால் எக்ஸ்ரேவுக்குக் காத்திருக்க நேரமில்லை. அந்த நொடியே டாக்டரைக் கூப்பிடுங்கள். பிளாட்டோ 30 செ.மீ. நீர் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. அதில், மூச்சு விட்ட முடிவில் நிற்கும் அழுத்தமான பீப்பைக் கழித்தால் 15-க்குள் இருப்பது நல்லது.

ஏபிஜி வரத் தாமதமா? விரலில் மாட்டிய சாச்சுரேஷன் 97 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அதை எஃப்ஐஓடூவால் வகுத்துப் பாருங்கள். 92-ஐ 0.6-ஆல் வகுத்தால் 153. 315-க்கு மேல் போகாத எண்ணை ஏஆர்டிஎஸ் கணிப்புக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் வந்த புதிய வரையறை ஏற்கிறது. எக்ஸ்ரே இல்லாத இடத்தில் நுரையீரல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனையும் ஏற்கிறது. நம் ஊரைப் போன்ற இடங்களுக்கு இது பெரிய உதவி.

திராட்சை, வாழை, ஏலக்காய் என்று விவசாயத்தை நம்பியிருக்கும் பள்ளத்தாக்கு இது. பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ குடித்தவர் வந்தால் எந்த மருந்து என்று உறவினரிடம் கேளுங்கள். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் போதுமா என்பதை ஸ்டெதஸ்கோப்தான் சொல்லும்: நெஞ்சு முழுக்கக் கேட்ட கொரகொரப்பு தெளிய வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் தெளியாமல் நின்றால் வாந்தி உள்ளே இறங்கியிருக்கலாம். அதற்காக அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. பாராகுவாட் களைக்கொல்லி என்றால், தேவைக்கு மேல் கொடுக்கும் ஆக்சிஜனே நுரையீரலைக் கெடுக்கும். சாச்சுரேஷன் எவ்வளவு இருந்தால் போதும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள் வென்டிலேட்டர் கம்பெனிப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு நோயாளியின் பீக், பிளாட்டோ, பீப் மூன்றையும் வைத்து என்ன நடக்கிறது என்று பேசப் பழகலாம். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ நோயாளியை அனுப்பும் சிறிய ஆஸ்பத்திரியில் வேலை என்றால், ரெஃபரல் சீட்டில் உயரம், டைடல் வால்யூம், பிளாட்டோ, பீப், எஃப்ஐஓடூ, டியூப் குறி, கடைசியாக சக்‌ஷன் செய்த நேரம் ஆகியவற்றை எழுதி, 108 வண்டியில் வருபவரிடம் வாசித்தும் காட்டுங்கள்.