குருதிப் புற்றுநோய் ஆய்வில் ஒரு புதிய கேள்வி

மூன்றாம் ஆண்டு, வேதியியல்

இரத்தப் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும், திரைப்படத்தின் இறுதிக் காட்சியில் இருமி இருமி மடியும் கதாநாயகியே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவாள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தமக்கைக்கே அந்நோய் வரும் வரையில். அப்போது அவளுக்கு வயது இருபத்துமூன்று. மணமாகி ஆறு மாதம். இடப்பக்க விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்றாள். வாயுத் தொல்லை என்று வெந்நீரும் ஓமமும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு இரத்தத்தைச் சோதித்தபோது, ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் 1,90,000 இருந்தன. கனமாக இருந்தது வீங்கிய மண்ணீரல்.

இரத்தப் புற்றுநோய்கள் பல வகைப்படும். அவளுக்கு வந்தது நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா. நான் ஈண்டு எழுத எண்ணுவது அந்த ஒரு வகையைப் பற்றியும், அதன் மீது நடந்துவரும் ஆய்வுகளைப் பற்றியுமே.

இந்நோயின் வேர் தெரிய வந்ததே ஒரு சுவையான கதை. 1950களில் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல் என்னும் ஆய்வாளர், நோயாளிகளின் வெள்ளையணுக்கள் இருந்த கண்ணாடித் தகடுகளைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். முறைப்படி அவ்வாறு செய்யலாகாது. ஆனால் உப்புச் செறிவு குறைந்த அந்த நீர், நாம் முதலாண்டில் படித்த சவ்வூடு பரவல் விதிப்படி உட்புகுந்து அணுக்களை உப்பச் செய்தது; நெருங்கிக் கிடந்த குரோமோசோம்கள் பிரிந்து பரவிக் கண்ணுக்குத் தெரிந்தன. (நம் ஆய்வுக்கூடத்தில் இப்படிக் கழுவினால் என்ன கிடைக்கும் என்பதை மாணவர்கள் அறிவர்!) டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்னும் ஆராய்ச்சி மாணவருடன் சேர்ந்து, இந்நோயாளிகளிடம் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருப்பதை அவர் 1960இல் வெளியிட்டார். அது 'பிலடெல்பியா குரோமோசோம்' எனப் பெயர் பெற்றது.

குறைந்த துண்டு எங்கே போயிற்று? அதற்கு விடை கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்னும் பெண்மணி, குரோமோசோம்களின் புகைப்படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்தரித்து இணை சேர்த்துப் பார்ப்பாராம். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். 1973இல் அவர் கண்டது இதுதான்: துண்டு தொலையவில்லை. 22ஆம் குரோமோசோமின் துண்டு 9ஆவதிலும், 9ஆவதன் துண்டு 22ஆவதிலும் இடம் மாறி ஒட்டியிருந்தன. ஒட்டிய இடத்தில் இரண்டு ஜீன்கள் இணைந்து ஒரு கலப்பு ஜீன் உருவாகிவிடுகிறது. அது செய்யும் புரதமே நோய்க்குக் காரணம்.

அப்புரதம் ஒரு நொதி. ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களின் டைரோசின் மீது ஏற்றுவது அதன் தொழில். உடல்நலமுள்ளவரிடம் இத்தகைய நொதிகள் ஏரி மதகைப் போல வேண்டும்போது திறந்து வேண்டாதபோது மூடிக்கொள்ளும். கலப்பு நொதியோ பலகை சிக்கிக்கொண்ட மதகு; மூடுவதே இல்லை. 'பெருகு, பெருகு' என்ற ஆணை இரவும் பகலும் வெள்ளையணுக்களுக்குப் போய்க்கொண்டேயிருக்கிறது.

ஏ.டி.பி. வந்து அமரும் பள்ளத்தில் வேறொரு மூலக்கூறை அமர்த்திவிட்டால்? இவ்வெண்ணத்தில் பிறந்ததே இமாட்டினிப். பிரையன் டிரக்கர் என்னும் மருத்துவரும் நிக்கோலஸ் லைடன் என்னும் உயிர்வேதியியலாளரும் இதற்கு உழைத்தோரில் முதன்மையானவர்கள். 1998 ஜூனில் மனிதரிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியது. இன்டர்ஃபெரான் ஊசி பயனளிக்காத 83 பேருக்கு, நாளொன்றுக்கு 25 மில்லிகிராமிலிருந்து 1,000 மில்லிகிராம் வரை படிப்படியாக அளவை உயர்த்திக் கொடுத்தனர். முதற்கட்டத்தின் நோக்கம் நோயைத் தீர்ப்பதன்று; மருந்தை உடல் தாங்குமா என்று பார்ப்பதே. எனினும் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பிவிட்டது. 2001 மே மாதத்திலேயே அமெரிக்க அரசு மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது.

அடுத்து 1,106 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இமாட்டினிப்பும் மற்றதற்குப் பழைய மருந்தும் தந்து ஒப்பிட்டனர். 'நம்மை எலியாக்கிச் சோதிக்கிறார்கள்' என்று ஊரில் பேசுவதுண்டு. அப்படிப் பேசுவோர் இச்சோதனையின் விதியொன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய மருந்து பயன் தராதவர்களும் அதைத் தாங்காதவர்களும் புதிய மருந்துக்கு மாறிக்கொள்ளலாம். பெரும்பாலோர் மாறினர். இமாட்டினிப் பிரிவில் பத்தாண்டுகள் கழித்தும் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 83 பேர்.

மருந்து வந்ததே தவிர, விலை எட்டாத உயரத்தில் இருந்தது. மாதத்திற்கு இலட்சம் ரூபாய்க்கு மேல்! இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்திற்கு உரிமை கோரி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998இல் விண்ணப்பித்தது நம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில்தான். அது 2006இல் நிராகரிக்கப்பட்டது. அறிந்த மருந்தின் புதுவடிவம் கூடுதல் பயன் தந்தாலொழிய உரிமை இல்லை என்னும் சட்டப் பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றத்தின் முடிவு 2013 ஏப்ரல் 1இல் வந்தது, நிறுவனம் தோற்றது. படிக வடிவங்களைத் தேர்வுக்காக உருப்போட்ட எனக்கு, ஒரு படிகத்தின் வடிவத்தில் என் தமக்கையின் உயிர் தொங்கியிருந்தது என்பது பின்னரே தெரிந்தது. இந்திய நிறுவனங்கள் செய்யும் மாத்திரையை அவள் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெறுகிறாள்.

நோயும் சும்மா இருப்பதில்லை. நொதியின் 315ஆம் இடத்திலுள்ள திரியோனின் சிலரிடம் ஐசோலூசினாக மாறிவிடுகிறது. திரியோனினின் ஹைட்ராக்சில் தொகுதியோடு இமாட்டினிப் கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பு அங்கே இல்லை. போதாக்குறைக்கு ஐசோலூசின் இடத்தையும் அடைக்கிறது. இதற்கு வந்த போனாட்டினிப் வலிமையானதுதான். ஆனால் அதைப் புதிய நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை, இரத்தக்குழாய்கள் அடைபட்டமையால் 2013 அக்டோபரில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. நிறுத்தத் தெரிந்திருப்பதும் ஆய்வின் ஓர் அங்கமே. அண்மையில் வந்துள்ள அசிமினிப், ஏ.டி.பி. பள்ளத்திற்கே போவதில்லை, நொதியின் வேறொரு பள்ளத்தில் அமர்ந்து மதகை மூடுகிறது. புதிய நோயாளிகள் 405 பேரிடம் நடந்த சோதனையில், 48 வாரங்களில் கலப்பு ஜீனின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியவர்கள் அசிமினிப் பிரிவில் 67.7 விழுக்காடு, பழைய மாத்திரைகளில் 49. இம்முடிவு 2024இல் வெளிவந்தது.

இவையெல்லாம் நன்று. ஆனால் சென்ற தீபாவளிக்கு வந்திருந்த என் தமக்கை கேட்ட கேள்வி வேறு. "தம்பி, நீ வேதியியல்தானே படிக்கிறாய்? இந்த மாத்திரையை நான் எப்போது நிறுத்தலாம் என்று பார்த்துச் சொல்லேன்." ஏன் என்று நான் கேட்கவில்லை. இம்மருந்து கருவைப் பாதிக்கக்கூடியது. உண்ணும் வரையில் பிள்ளை பெறக்கூடாது என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான்கு ஆண்டுகளாக உறவினர் வீட்டு வளைகாப்புகளுக்கு அவள் போவதில்லை.

தேடியபோது, இதே கேள்வியைப் பிரெஞ்சு நாட்டார் 2007இலேயே கேட்டிருந்தது தெரிந்தது. ஈராண்டுகளுக்கு மேல் நோயின் சுவடே தென்படாத 100 பேர் மாத்திரையை நிறுத்த முன்வந்தனர். உயிர் காத்த மருந்தைக் கைவிட ஒப்புவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! ஓராண்டு கண்காணிப்பை முடித்த 69 பேரில் 42 பேருக்கு நோய் தலைகாட்டியது. அவர்களுள் 40 பேருக்கு முதல் ஆறு மாதங்களுக்குள்ளேயே. மீண்டும் மாத்திரை கொடுத்ததும் அனைவருக்கும் அது பணிந்தது. எஞ்சியோர் மருந்தின்றி வாழ்ந்தனர். பின்னர் ஐரோப்பாவில் எழுநூற்றுக்கு மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், ஈராண்டு முடிவில் பாதிப் பேர் மருந்தின்றியே நலமாயிருந்தனர். அதில் சேரக் குறைந்தது மூன்றாண்டுகள் மருந்து உண்டிருக்க வேண்டும். கலப்பு ஜீன் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் ஓராண்டு நிலைத்திருக்க வேண்டும். பிரிட்டனில் உடனே நிறுத்தாமல், ஓராண்டு அளவைப் பாதியாக்கிவிட்டுப் பிறகு நிறுத்தியும் பார்த்திருக்கிறார்கள். அதில் நோய் ஆழமாக அடங்கியிருந்தோருக்குப் பலன் நன்றாகவே கிடைத்துள்ளது. நிறுத்தியபின் சிலருக்குச் சில மாதம் மூட்டும் தசையும் வலிக்குமாம்.

நின்றவர்களிடம் நோய் ஏன் மீளவில்லை என்பதற்கு உறுதியான விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. உடலின் காவல் அணுக்களே எஞ்சிய நோயணுக்களை அடக்கி வைத்திருக்கலாம் என்று கருதி ஆராய்ந்து வருகிறார்கள்.

இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு அக்காவுடன் மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார், ஏளனம் செய்யவில்லை. அக்காவின் ஜீன் அளவு வேண்டிய ஆழத்திற்கு இறங்கி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. ஓராண்டு நிறையட்டும், பிறகு யோசிப்போம் என்றார். நிறுத்தினால் முதல் ஆறு மாதம் மாதந்தோறும் சோதனை செய்தாக வேண்டும் என்றும், தாமாக நிறுத்தி விட்டுக் கண்காணிப்புக்கு வராமல் நோய் முற்றி வந்தவர்களைத் தாம் பார்த்திருப்பதாகவும் சொன்னார். வெளியே செய்யும் ஒரு சோதனைக்கு ஆகும் செலவை அப்பாவின் வருமானத்தோடு வைத்துக் கணக்குப் பார்த்தேன். சீட்டு எடுத்துவிடலாம் என்கிறார் அப்பா.

திரும்பும் வழியில் பேருந்தில் அக்காவிடம் சொன்னேன்: "பாதிக்குப் பாதிதான் அக்கா. வராமலும் இருக்கலாம், வந்தும் விடலாம்." அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "வந்தால் திரும்பவும் மாத்திரை கேட்கும் என்றுதானே சொன்னாய்?" என்றாள். ஆம் என்றேன்.

அடுத்த சோதனை பங்குனியில். இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது முடிவு வந்திருக்கும்.