துறைமுகத்தில் கேத்திரகணிதம்: வடிவம் தேடும் கணினிச் செயற்றிட்டம்



"அன்றாட வாழ்வில் கேத்திரகணித வடிவங்கள்" என்பது பாடசாலைகளில் அடிக்கடி தரப்படும் குழுச் செயற்றிட்டமாகும். பல குழுக்கள் இணையத்திலிருந்து பத்துப் படங்களை எடுத்து, "இது வட்டம், இது சதுரம்" என்று எழுதி ஒப்படைத்துவிடுகின்றன. இதில் கணினி வேலை இருக்கிறது, கணிதம் இல்லை. ஒரு பொருளைச் சதுரம் என்று எழுதினால், அது சதுரம்தான் என்பதற்கு உங்களிடம் அளவீடு இருக்க வேண்டும். பரீட்சையிலும் "உருவில் அப்படித் தெரிகிறது" என்று காரணம் எழுதினால் புள்ளி கிடைக்காது.

எனவே ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விடயங்களை எழுதுங்கள்: (அ) அளவீடு, (ஆ) கணிப்பு, (இ) அந்த வடிவம் ஏன் பயன்படுகிறது என்பதற்கான காரணம். திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தில் காணும் பொருள்களைக் கொண்டு இதைச் செய்து பார்ப்போம்.

1. படத்தை மட்டும் நம்பாதீர்கள்

ஒரு பரலின் வாயை நேர் மேலிருந்து பார்த்தால் வட்டம். சரிவாக நின்று படமெடுத்தால் அது நீள்வட்டமாகத் தெரியும். கோயிற் கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து படமெடுத்தால், அது உள்ளதைவிட மேலே ஒடுங்கியதாகத் தோன்றும். ஆகவே பொருளுக்கு நேரெதிரே கமராவைப் பிடியுங்கள். பொருளோடு ஓர் அடிமட்டத்தையும் வைத்துப் படமெடுங்கள். அளவீட்டைக் கையால் எடுங்கள்.

2. உருளை: எண்ணெய்த் தாங்கிகளும் வீட்டுப் பரலும்

சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு தாங்கி எரிந்து அழிந்தது.

இவை ஏன் பெட்டி வடிவில் இல்லாமல் உருளையாக உள்ளன? 44 மீற்றர் நீளமான தகட்டை வளைத்து அடைப்பதாக எண்ணுங்கள்.

சதுரமாயின்: பக்கம் 11 மீ., பரப்பளவு 121 சதுர மீ.
வட்டமாயின்: ஆரை 7 மீ., பரப்பளவு 154 சதுர மீ.

அதே தகடு, ஆனால் வட்டத்தில் கூடுதல் இடம். மேலும், எண்ணெயின் அமுக்கம் வளைந்த சுவரில் சுற்றிவரச் சமமாகப் பகிரப்படும். தட்டையான சுவராயின் நடுவில் வீங்கும்.

தாங்கிகள் இருக்கும் இடத்துக்கு அனுமதியின்றிச் செல்லவோ படமெடுக்கவோ வேண்டாம். அதே கணிதத்தை ஒரு 200 லீற்றர் பரலில் செய்யலாம். விட்டத்தைச் சரியாக அளப்பது கடினம். மையம் எங்கே என்று தெரியாது. நூலால் சுற்றிப் பரிதியை அளவுங்கள்.

பரிதி = 176 செ.மீ.
ஆரை = 176 × 7 ÷ 44 = 28 செ.மீ.
உயரம் = 85 செ.மீ.
கனவளவு = 22/7 × 28 × 28 × 85 = 209,440 கன செ.மீ. = ஏறத்தாழ 209 லீற்றர்

200 அல்லாமல் 209 வந்தது ஏன்? வெளிப்புறத்தை அளந்ததும், பரலின் மேல் விளிம்பு வரை உயரம் எடுத்ததும் காரணங்களாகலாம். விடையை மாற்றி எழுதாமல் இந்த வித்தியாசத்தை விளக்குங்கள். நல்ல செயற்றிட்டத்தின் அடையாளம் அதுதான்.

3. சாய்சதுரம்: மீன்வலையின் கண்

கடற்கரையில் காயும் வலையைப் பாருங்கள். ஒரு கண்ணின் நான்கு பக்கங்களும் சமம். உடனே சதுரம் என்று எழுதிவிடாதீர்கள். வலையை இழுத்தால் பக்கங்கள் மாறுவதில்லை, கோணங்கள் மாறுகின்றன. பக்கம் 5 செ.மீ. ஆன கண்ணுக்கு:

மூலைவிட்டங்கள் 0, 10 செ.மீ. — பரப்பளவு 0
மூலைவிட்டங்கள் 2.8, 9.6 செ.மீ. — பரப்பளவு 13.44 சதுர செ.மீ.
மூலைவிட்டங்கள் 6, 8 செ.மீ. — பரப்பளவு 24 சதுர செ.மீ.
மூலைவிட்டங்கள் 7.07, 7.07 செ.மீ. — பரப்பளவு ஏறத்தாழ 25 சதுர செ.மீ.

மூலைவிட்டங்கள் சமமாகும்போது மட்டுமே அது சதுரம். அப்போதே பரப்பளவு மிகக் கூடியது. வலை இறுகினால் அதே கண்ணால் சிறு மீன்கூடத் தப்ப முடியாது.

நாற்பக்கல் இப்படி நெளியும், முக்கோணி நெளியாது. வீட்டுப் படலையில் குறுக்குக் கட்டை அறைவது அதனால்தான். அக்கட்டை படலையை இரு முக்கோணிகளாக்குகிறது.

4. கணினியில் செய்ய வேண்டியவை

குழுவுக்கு ஒரு கணினிதான் கிடைக்கும் என்றால், அளவீடுகளை முதலில் கொப்பியில் முடித்துக்கொண்டு செல்லுங்கள்.

• விரிதாளில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிரை, ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நிரல் ஒதுக்குங்கள். ஆரை, பரப்பளவு, கனவளவு ஆகியவற்றுக்குச் சூத்திரம் இடுங்கள். கல்குலேற்றரில் கண்ட விடையைத் தட்டச்சிட வேண்டாம்.
• 2001 இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளில் உங்கள் படத்தை இட்டு, அதன்மேல் புள்ளிகள் வைத்துக் கோணங்களை அளக்கலாம். நிறுவிய பின் இணையம் இன்றியும் இயங்கும்.
• மின்தடை எப்போதும் வரலாம். அடிக்கடி சேமியுங்கள்.

5. பயிற்சி

(1) ஓர் உருளைத் தாங்கியின் பரிதி 88 மீ., உயரம் 10 மீ. அதன் கனவளவு யாது?
(2) ஒரு வலைக்கண்ணின் மூலைவிட்டங்கள் 10 செ.மீ., 24 செ.மீ. பக்கத்தின் நீளத்தையும் பரப்பளவையும் காண்க.
(3) 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீ. 29.7 செ.மீ. நீளமான ஏ4 தாளில் அதை வரைய 1:1000, 1:2000 ஆகிய அளவுத்திட்டங்களுள் எது பொருந்தும்? காரணம் தருக.

விடைகள்: (1) ஆரை 14 மீ.; 6160 கன மீ. (2) 13 செ.மீ.; 120 சதுர செ.மீ. (3) 1:2000. நீளம் 19.8 செ.மீ. ஆகும், 1:1000 எனின் 39.6 செ.மீ. ஆகித் தாளுக்கு வெளியே செல்லும்.

பரீட்சை மண்டபத்தில் உங்களிடம் பரலும் வலையும் இரா. ஆனால் ஒருமுறை நூல் பிடித்து அளந்த மாணவருக்குப் பரிதியின் சூத்திரம் மறக்காது. இந்த வாரமே ஒரு நூலோடு தொடங்குங்கள். வெற்றி உங்களுக்கே!